மொட்டைமாடியில் பிளாட்டிபஸ் வளர்க்கலாமா? கால்நடை மருத்துவரின் பதில்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கார்ட்டூனில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு பிளாட்டிபஸ் மேல் பைத்தியம். முட்டை போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு, வாத்து மூக்கு, நீர்நாய் உடம்பு என்று வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. சொந்த வீடு, மொட்டைமாடி காலியாக இருக்கிறது. டெலிகிராமில் ஒருவர், தாய்லாந்துப் பண்ணையில் பிறந்த 45 நாள் குட்டி மூன்றரை லட்சம், முட்டையாக வேண்டுமானால் ஒன்று 60,000, இன்குபேட்டர் இலவசம் என்கிறார். குட்டியின் நச்சு முள்ளை வெட்டிவிட்டுத்தான் தருவாராம். 500 லிட்டர் தொட்டி போதுமாம். இந்திய வனவிலங்குப் பட்டியலில் பிளாட்டிபஸ் பெயரே இல்லை, அதனால் சட்டப் பிரச்சினை வராது என்றும் சொல்லியிருக்கிறார். இதை நம்பிக் கணவர் நான்கு நாளுக்கு முன் யூபிஐ மூலம் 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார். இப்போது 'ஏர்போர்ட் கிளியரன்ஸ்' என்று இன்னும் 35,000 கேட்கிறார்களாம். "மெல்போர்னில் என் தம்பி இருக்கிறான், அவன் வழியாக நேர்மையாக வாங்கலாமா? எதுவுமே நடக்காவிட்டால் நீர்நாயாவது வளர்க்கலாமா?" என்பவை கடைசி இரண்டு கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 35,000 ரூபாயை அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்து தடுப்பூசிக் கட்டணம், அதற்கடுத்து காப்பீடு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விலங்கு வராது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு அவர்கள் சொன்ன '45 நாள் குட்டி' ஒன்றே போதும்.

பெண் பிளாட்டிபஸ் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டரை விடக் கொஞ்சம் பெரிது, கோழி முட்டை போல ஓடு கிடையாது, தோல் போல மெத்தென்று இருக்கும். ஆற்றங்கரை வளைக்குள் தாய் சுருண்டு படுத்து, வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவே வைத்து ஏறக்குறைய 10 நாள் அடைகாக்கும். வெளியே வருவது விரல் நகம் அளவே உள்ள, ரோமமில்லாத, கண் திறக்காத ஒரு சிறு உயிர். தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் இரண்டு இடங்களில் பால் கசியும், குட்டி அதை நக்கிக் குடிக்கும். இப்படி மூன்றரை, நான்கு மாதம். அதுவரை வளையை விட்டு வெளியே வராது. 45 நாளில் அது இன்னும் கண் திறக்காமல் பாலில் கிடக்கும் பருவம். அந்த வயதுக் குட்டியை விற்பதென்றால் தாயோடு வளையையும் பெயர்த்துக்கொண்டுதான் வர வேண்டும். முட்டைக்கும் இதே கணக்கு. இன்குபேட்டரில் ஒருவேளை பொரிந்தாலும் அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தப் பாலுக்கு எங்கே போவீர்கள்? ஆட்டுப்பாலோ பால்பவுடரோ அதற்கு ஈடாகாது.

தாய்லாந்துப் பண்ணை என்பதும் கதை. பிளாட்டிபஸின் தாயகமான ஆஸ்திரேலியாவிலேயே மனிதர் பராமரிப்பில் முதல் குட்டி 1943இல்தான் பிறந்தது. ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் டேவிட் ஃப்ளே என்ற விலங்கியலாளர் அதைச் சாதித்தார். அதே இடத்தில் அடுத்த முறை அது நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகம் 1947இல் மூன்று பிளாட்டிபஸ்களை வரவழைத்து, ஒரு ஜோடியைப் பத்து வருடம் வைத்திருந்தும் ஒரு குட்டி கூடக் கிடைக்கவில்லை. பெண்ணுக்குப் பெயர் பெனலபி. 1957 கோடையில் அது அடைப்பிலிருந்து தப்பி எங்கோ போய்விட்டது, கடைசிவரை கிடைக்கவில்லை. ஊழியர், மருத்துவர், தினசரி உணவு என்று எல்லாம் இருந்த இடத்திலேயே இந்த நிலை.

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தையும் பார்த்தேன். உள்ளங்கையில் குண்டாகப் படுத்திருக்கும் அந்த 'குட்டி' ஒரு கலைஞர் செய்த பொம்மைச் சிற்பம். வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பையனிடம் அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சரி, மோசடியை ஒதுக்கிவைப்போம். எல்லா அனுமதியும் கையில் இருந்து, உண்மையான ஒரு பிளாட்டிபஸ் மடிப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது பிழைக்குமா? உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

சென்னை வெயிலும் 32 டிகிரி உடம்பும்

நம் உடல் வெப்பநிலை 37 டிகிரி, நாய்க்கு 38க்கு மேல். பிளாட்டிபஸுக்கு 32 டிகிரிதான். பாலூட்டிகளில் இது மிகக் குறைவு. டாஸ்மேனியாவின் பனி உருகிய ஓடைகளில்கூட நீந்துவதற்கு ஏற்ற உடம்பு. தோல் மேல் இரண்டடுக்கு ரோமம். உள்ளடுக்கு காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தோல் வரை தண்ணீர் போகாது. குளிருக்கு இது வரம், வெயிலுக்குச் சாபம். உள்ளே சேரும் சூடு வெளியேற வழி குறைவு. சுற்றுப்புறம் 30ஐத் தாண்டினாலே அதற்குத் தவிப்புதான்.

மே மாத மதியம் உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து கை நீட்டிப் பாருங்கள். மாடி டேங்கில் காய்ந்த தண்ணீர் சுடும். அது பிளாட்டிபஸின் உடம்பை விடச் சூடானது. குளிர்ச்சிக்காக அது இறங்கும் தண்ணீரே அதைக் காய்ச்சல் கண்டது போல ஆக்கிவிடும்.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1943இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு பிளாட்டிபஸ் வேண்டும் என்ற ஆசை வந்தது. (உங்கள் பையன் தனியாள் இல்லை.) ஓர் இளம் ஆண் பிளாட்டிபஸுக்கு வின்ஸ்டன் என்றே பெயர் வைத்து, தனித் தொட்டி, வளை, ஆயிரக்கணக்கான மண்புழு, கவனித்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாவற்றோடும் கப்பலேற்றினார்கள். இங்கிலாந்தை எட்டும் முன்பே தொட்டியில் செத்துக் கிடந்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்க வெடித்த குண்டுகளின் அதிர்ச்சியில் இறந்தது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தப் பயணத்தின் குறிப்பேட்டை அண்மையில் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. பூமத்திய ரேகையைக் கடக்கையில் ஏறக்குறைய ஒரு வாரம் வெப்பநிலை 27 டிகிரிக்கு மேலேயே இருந்திருக்கிறது. அந்தச் சூடே போதுமானதாக இருந்திருக்கிறது. மே மாதத்தில் சென்னையின் இரவே பெரும்பாலும் 27க்குக் கீழே இறங்குவதில்லை.

'சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) போட்டுக்கொள்கிறோம்' என்று உங்கள் கணவர் சொல்லலாம். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 500 லிட்டர் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. காட்டில் ஒவ்வொரு நாளும் 10, 12 மணி நேரம் நீந்தித் திரிந்து இரை தேடும் விலங்கு அது. குறைந்த அளவாக 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று எடுத்தாலே 2,500 லிட்டர் ஆகிறது. அதை 32 டிகிரியிலிருந்து 20க்கு இறக்க சுமார் 35 யூனிட் அளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு டன் சில்லர் நிற்காமல் ஓடினால் 10 மணி நேரம். இது முதல் தடவைக்கு மட்டும். அதற்குப் பிறகு வெயிலோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தயாராக இருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குளிர்வித்தாலும் போதாது, அது தூங்கும் வளையையும் குளிர்ச்சியாக வைக்க வேண்டும்.

எடையை யாரும் யோசிப்பதில்லை. 2,500 லிட்டர் தண்ணீர் என்றால் இரண்டரை டன். 60 சதுர அடியில் அது உட்கார்ந்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான் கணக்கிட்டுக் கட்டுவார்கள். மூன்று மடங்கு சுமை. பிளாட்டிபஸ் இல்லாவிட்டாலும் இந்தத் தொட்டியை மாடியில் வைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு முந்நூறு மண்புழு

பெரிய பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது, உணவைச் செரிக்கும் இரைப்பையும் கிடையாது. உணவுக்குழாய் நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் சேமித்துவைத்து மெல்லச் செரிப்பது என்ற பேச்சே இல்லை. உடல் எடையில் 15 முதல் 30 விழுக்காடு வரை தினமும் தின்றாக வேண்டும். ஒன்றரைக் கிலோ விலங்கு, 20 விழுக்காடு என்று வைத்தால் நாளுக்கு 300 கிராம். ஒரு மண்புழு ஒரு கிராம் என்றால் முந்நூறு மண்புழு. மாதம் ஒன்பதாயிரம். பாலூட்டும் தாய்க்கு இன்னும் அதிகம் வேண்டும்.

உயிரோடு இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். தண்ணீரில் இறங்கியதும் அது கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். இரை தேடுவது அலகால்தான். அந்த மெத்தென்ற அலகில் 40,000 அளவில் மின்னுணரிகள் இருக்கின்றன. ஓர் இறால் வாலைச் சொடுக்கும்போது அதன் தசையில் எழும் நுண்ணிய மின்சாரத்தை அவை பிடித்துவிடும். தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, சேற்றைக் கிளறி, கிடைத்ததைக் கன்னப் பையில் அடைத்து, மேலே வந்து மிதந்தபடி அரைத்துத் தின்னும். செத்த இறாலும் மீன் தீவனக் குருணையும் அந்த அலகுக்குப் புலப்படவே புலப்படாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஒரு பிளாட்டிபஸை வளர்த்துவிட முடியாது. காட்சியகங்களிலும் நன்னீர் நண்டு வகை, மண்புழு, பூச்சிப்புழு என்று உயிருள்ள இரைதான் தினசரி உணவு.

இரை குறைந்தால் முதலில் தெரியும் இடம் வால். உடம்பின் கொழுப்பில் பெரும்பங்கை அது வாலில்தான் வைத்திருக்கிறது. நன்றாக இருக்கும் விலங்கின் வால் தடித்து, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். பட்டினி கிடந்தது என்றால் வாலின் அடிப்பக்கம் துணி போல மடியும். அந்தக் கட்டத்தில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிவந்தால்கூட செய்வதற்கு அதிகம் இருக்காது. உடம்புக்கு முடியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த விலங்குக்கு இரத்தம் எடுப்பது அலகின் ஓரத்து இரத்தக் குழியிலிருந்து. அதற்கே பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் பழகிய கைக்கு இதில் எதுவும் பொருந்தாது.

முள்ளை வெட்டிவிட்டால்?

ஆண் பிளாட்டிபஸின் இரண்டு பின்னங்கால்களிலும் உட்பக்கமாக ஒரு முள் இருக்கும், ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. தொடையில் உள்ள நச்சுச் சுரப்பியோடு அது இணைந்திருக்கும். பெண் குட்டிக்கும் சிறிய முள் முளைக்கும், முதல் வயதுக்குள் உதிர்ந்துவிடும். குட்டி என்பதால் ஆணா பெண்ணா என்று விற்பவர் சொல்வதை நம்ப முடியாது என்பதற்கு இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதர் யாரும் இந்த நச்சால் இறந்ததாகப் பதிவு இல்லை. நாய்கள் இறந்திருக்கின்றன. ஆனால் வலி கொடுமையானது. 1992இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வில், அடிபட்டுக் கிடந்த பிளாட்டிபஸைத் தூக்கிய 57 வயதுக்காரருக்கு மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை. கையின் நரம்பையே மரத்துப்போக வைத்த பிறகுதான் அடங்கியது. வீக்கமும் விரல் விறைப்பும் நீண்ட நாள் இருந்தன. இதற்கு மாற்று மருந்து கிடையாது. பழகியவர்கள் அதை வாலின் நுனிப் பாதியைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், பின்னங்கால் எட்டாது என்பதற்காக. பத்து வயதுப் பையன் மடியில் வைத்துக் கொஞ்சும் விலங்கா இது? முள்ளை வெட்டினால் சரியாகிவிடும் என்பது விற்பனைப் பேச்சு. வெட்டிய காலில் புண், அதே கால் நாள் முழுக்கத் தண்ணீரில், சுரப்பி அப்படியே உள்ளே. எந்த மருத்துவரும் இதைச் செய்ய ஒத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று: அதற்குத் தொடப்படுவது பிடிக்காது. தனியாகவே வாழும், இரவில்தான் நடமாட்டம், பகல் முழுக்க வளைக்குள் தூக்கம். வளையின் வழி குறுகலாக இருக்க வேண்டும், நுழையும்போதே ரோமத்தின் ஈரம் பிழியப்பட வேண்டும் என்பதற்காக. வீட்டில் வளர்த்தால் உங்கள் மகன் பார்க்கப்போவது பெரும்பாலும் ஒரு மரப்பெட்டியின் மூடியைத்தான். தீபாவளி வாரத்தில் அந்தப் பெட்டிக்குள் அது என்ன பாடு படும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

தம்பியும் சட்டமும்

மெல்போர்னில் இருக்கும் உங்கள் தம்பிக்கு இந்த வேலையைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கே பிளாட்டிபஸை வீட்டில் வளர்க்க எந்த மாநிலத்திலும் உரிமம் கிடையாது. 2023 ஏப்ரலில் குயின்ஸ்லாந்தில் ஒருவர் காட்டு பிளாட்டிபஸை துண்டில் சுற்றி ரயிலில் எடுத்துப்போனார். சக பயணிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் காட்டினார். போலீஸ் தேடிப் பிடித்தது. இந்தக் குற்றத்துக்கு அங்கே அதிகபட்ச அபராதம் 4,30,000 ஆஸ்திரேலிய டாலர் என்று அப்போது அறிவித்தார்கள். நாட்டைவிட்டு வெளியே கடத்தினால் அவர்களின் 1999ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை. உயிருள்ள பூர்வீகப் பாலூட்டிகளை வணிகத்துக்காகவோ செல்லப் பிராணியாகவோ ஏற்றுமதி செய்ய வழியே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட காட்சியகங்களுக்கு மட்டும், அரசு ஒப்பந்தத்தோடு, அபூர்வமாக அனுப்புவார்கள். 2019இல் சிட்னியின் டரோங்கா காட்சியகத்திலிருந்து அமெரிக்காவின் சான் டியாகோ சஃபாரி பூங்காவுக்கு இரண்டு பிளாட்டிபஸ்கள் போயின. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே அரை நூற்றாண்டுக்கு மேல் ஒன்று கூட இல்லாமல் இருந்த பிறகு போனவை அவை.

இந்தியப் பட்டியலில் பெயர் இல்லை என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உள்ள அயல்நாட்டு இனங்களுக்கானது. பிளாட்டிபஸ் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, எனவே அந்த அட்டவணையிலும் இல்லை. இதைச் சொல்லி விற்பவர்கள் மறைப்பது என்னவென்றால், நாட்டுக்குள் ஒரு விலங்கு நுழைவதற்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இறக்குமதி உரிமம் வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். பள்ளிக்கரணையில் இருக்கும் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் பார்த்து விட வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருபவர் செல்லப் பிராணியாகக் கொண்டுவர முடிவது நாயும் பூனையும்தான், அதுவும் இரண்டுக்கு மேல் இல்லை. இவை இல்லாமல் பெட்டியில் மறைத்து வருவது சுங்கச் சட்டப்படி கடத்தல். பறிமுதல் உண்டு, 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. மீனம்பாக்கத்தில் பாங்காக் விமானத்தில் வந்த பெட்டிகளைத் திறந்தால் குரங்கும் மலைப்பாம்பும் வெளியே வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பிடிபட்ட விலங்குகளை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பி, அந்தச் செலவையும் கொண்டுவந்தவரிடமே வசூலிப்பது வழக்கம்.

நீர்நாய் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கூடாது. நம் காவிரியில் இருக்கும் நீர்நாயும், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருக்கும் சிறுநக நீர்நாயும் அதே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்குகள். வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. நட்சத்திர ஆமையும் அதே அட்டவணையில்தான். பலர் வீட்டில் கூண்டில் தொங்கும் பச்சைக்கிளிகூட இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. டெலிகிராம்காரர் 'பிளாட்டிபஸ் இல்லை, அதற்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள்' என்று எதையாவது அனுப்பினால் கையில் வாங்காதீர்கள். கையில் இருந்தால் குற்றம் உங்கள் பேரில். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

போன இருபதாயிரம்

இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்யுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நான்கு நாள் ஆகிவிட்டதால் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் பதியுங்கள், அதே கணக்கில் இன்னும் பலர் பணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கூப்பிடுவதற்கு முன் டெலிகிராம் உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்தச் செயலியில் எதிராளி நினைத்தால் உங்கள் போனிலிருந்தும் உரையாடலை அழித்துவிட முடியும். அவருடைய பயனர் பெயர், யூபிஐ முகவரி, வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வங்கிக் கிளையிலும் ஒரு கடிதம் கொடுங்கள். 'விலங்கு வாங்கப் போனோம் என்று எங்கள் மேலேயே வழக்கு வருமோ' என்ற பயத்தில் புகாரில் 'மொபைல் வாங்கினோம்' என்பது போல மாற்றி எழுதாதீர்கள். விலங்கு எதுவும் உங்கள் கைக்கு வரவில்லை, நீங்கள் ஏமாற்றப்பட்டவர். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தயக்கம் இருந்தால் ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு என்ன சொல்வது

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவனை ஈர்ப்பது கொஞ்சி விளையாடும் பிராணி இல்லை என்று தோன்றுகிறது. முட்டை பொரிவது, தண்ணீருக்கடியில் நடப்பது, யாரும் பார்க்காத ஒன்றைப் பார்ப்பது ஆகியவைதான் அவனுக்குப் பிடித்திருக்கின்றன. இவற்றுக்குச் சென்னையிலேயே இடம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலாமை முட்டை தேடி மாணவர் அமைப்பினர் கரையோரம் நடக்கிறார்கள். பொதுமக்களும் கூடப் போகலாம். நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை, ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் பொரியும். இரவு முழுக்கக் கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடக்க வேண்டும், பத்து வயதுக்கு முடியும். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை வேளைக்கும் அழைத்துப் போங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டமும் இருக்கிறது. பிடித்த விலங்கின் உணவுச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்.

வீட்டிலேயே வேண்டும் என்றால் மூன்றடி கண்ணாடித் தொட்டி. நீளம் 90, அகலமும் உயரமும் 45 சென்டிமீட்டர். 160 லிட்டர் தண்ணீர், கல், மணல், ஸ்டாண்டோடு 220 கிலோவுக்கு மேல் வரும். தரைத்தளத்தில், சுவரோரமாக, வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் எல்லாம் கிடைக்கும், ஆனால் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் வாரமே மீன் மிதப்பதற்குக் காரணம் அதுதான். கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போடுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். உப்புக் கலந்த போர் தண்ணீர் என்றால் மோலி, கப்பி என்ற சிறு மீன்கள் அதில் நன்றாகவே வாழும். ஹீட்டர் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சென்னைக்குத் தேவை எதிர்மாறானது: ஏப்ரல், மே மாதங்களில் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் படும்படி ஒரு சின்ன மேசை விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகிப் போகும் தண்ணீரைத் தினமும் நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அமோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி அதைப் பையன் கையில் கொடுத்துவிடுங்கள். நிறத்தைப் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுவது அவன் வேலை. இரண்டும் பூஜ்யம் காட்டி ஒரு வாரம் அப்படியே நின்றால், ஆறு மோலி விடலாம்.